சாயக்காரர் ஷெவ்ரெல்லும் நம்ம ஊர் கார் சீட்டும்



ஆண்டு மலர் என்றால் ஒன்று கவிதை எழுத வேண்டும், இல்லையென்றால் பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத வேண்டும். எனக்குக் கவிதை வராது. ஆகவே வரலாறு. ஆனால் இந்தப் பெரிய மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்தது ஒரு காரின் கார்பெட் வழியாக! அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நெரவியில் ஓ.என்.ஜி.சி. தளம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதை நம்பி எத்தனையோ வாடகைக் கார்கள் ஓடுகின்றன. என் சித்தப்பா அப்படி ஒரு காருக்கு டிரைவர். கிணற்றடியிலிருந்து வருகிறவர்களின் பூட்ஸில் சேறு, கிரீஸ், சில நாள் கச்சா எண்ணெயும் இருக்கும். பின்சீட்டில் டீ, சாம்பார், வெற்றிலை எச்சில். வார இறுதியில் காரைக்கால் வருகிற வெளியூர் ஆசாமிகள் சிந்துகிற சமாச்சாரம் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை! மாதக் கடைசியில் முதலாளி கதவைத் திறந்து பார்ப்பார். கறை இருந்தால் பேட்டாவில் பிடித்தம். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை முழுக்க போர் தண்ணீரில் சோப்புப் போட்டு கார்பெட்டைத் தேய்ப்பார். ஒரே வாரத்தில் அது முன்னைவிட அழுக்காக நிற்கும். எவ்வளவு தேய்க்கிறாரோ அவ்வளவு அழுக்கு. இது என்ன நியாயம் என்று தேடப்போனபோதுதான் மிஷெல் எழேன் ஷெவ்ரெல் எனக்கு அறிமுகமானார். (ஷெவர்லே காருக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.)

ஷெவ்ரெல் பிரெஞ்சுக்காரர். 1739 முதல் 1954 வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த காலம் போக, பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர் நம்முடையது. சொல்தா தாத்தாக்களின் பென்ஷன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அப்படியிருந்தும் இவர் பெயரை நம்மூரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

1786 ஆகஸ்ட் 31 அன்று பிரான்சின் மேற்கே ஆன்ஜே என்ற ஊரில் பிறந்தார். தந்தை மருத்துவர். மூன்றாவது வயதில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஊர்ச் சதுக்கத்தில் இரண்டு இளம்பெண்களின் தலை கில்லட்டினில் விழுந்ததை ஏழு வயதுப் பையனாகப் பார்த்தவர் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1803ல், பதினேழு வயதில், பாரீஸுக்குப் போய் வோக்லேன் என்ற பெரிய வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். நம்ம பாஷையில் சொன்னால் அப்ரண்டீஸ்!

1811ல் அவர் கைக்கு ஒரு சோப்பு மாதிரி வந்தது. பன்றிக் கொழுப்பில் செய்த மெதுவான சோப்பு. அது எதனால் ஆனது என்று பார்க்கச் சொன்னார்கள். சின்ன வேலைதானே! ஆனால் அந்தச் சின்ன வேலையை அவர் பன்னிரண்டு வருஷம் செய்தார். 1823ல் விலங்குக் கொழுப்புகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல்தான் எண்ணெய், கொழுப்பு வேதியியலுக்கு அஸ்திவாரம்.

அதுவரை சோப்புக் காய்ச்சுவது கைப்பழக்கம். கொழுப்பும் காரமும் அப்படியே ஒட்டிக்கொண்டு சோப்பாகிறது என்பதுதான் பொது நம்பிக்கை. ஷெவ்ரெல் எடை போட்டுப் பார்த்தார். காரம் பட்டதும் கொழுப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் கொழுப்பு அமிலம், இன்னொரு பக்கம் இனிப்பான ஒரு திரவம். அந்தத் திரவத்தைத் தனக்கு முன்னாலேயே ஷீலே கண்டிருந்தார். கிளிசரின் என்று பெயர் வைத்தவர் ஷெவ்ரெல். கிடைத்த அமிலத்தையும் கிளிசரினையும் கூட்டினால் எடுத்துக்கொண்ட கொழுப்பைவிட எடை கொஞ்சம் அதிகம். எங்கிருந்து வந்தது? உடைகிறபோது தண்ணீரையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது! ஸ்டியரிக், ஓலியிக் அமிலங்கள் இப்படி வெளிவந்தவை. ஒரு பொருள் சுத்தமானதா என்று தெரிய அது உருகும் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும் என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்பதைப் பார்க்கிறோமே, அதுமாதிரி சங்கதிகளைத்தான் அந்த மனிதர் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்து வருஷக்கணக்காக அளந்துகொண்டிருந்தார்.

வெண்ணெயிலிருந்து அவர் பிரித்த ஓர் அமிலம் பியூட்டிரிக். இதை நீங்கள் எல்லோரும் மோந்திருக்கிறீர்கள். காரில் பால் கொட்டி, துடைத்தாகிவிட்டது என்று விட்டு, இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தால் ஒரு வாடை அடிக்குமே, அதில் பெரும்பங்கு அதுதான். அதன் கூட்டாளிகள் சிலவற்றுக்கு ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார், கேப்ரோயிக், கேப்ரிக் என்று. டிக்கியில் ஆட்டுக்குட்டி ஏற்றிய வண்டியில் பயணம் செய்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அமிலம் என்று தெரிந்துவிட்டால் வழியும் தெரிகிறது. சென்ட் அடித்துப் பயனில்லை. சமையல் சோடாவைத் தூவி ஈரத்தோடு ஊறவிட்டு எடுத்தால் அமிலம் உப்பாக மாறும். உப்பு ஆவியாகாது, வாடையும் எழும்பாது.

இப்போது சித்தப்பாவின் கார்பெட். முதலாண்டில் ஈ.டி.டி.ஏ. வைத்துத் தண்ணீரின் கடினத்தன்மையை டைட்ரேஷன் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒயின் சிவப்பு நீலமாக மாறுகிற அந்த ஒரு சொட்டுக்காக எத்தனை பேர் பியூரெட்டைத் திரும்ப நிரப்பினோம்! கடற்கரையோர போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏராளம். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. அது கரையும். அதே அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாது, பிசுபிசுவென்று திரியும். குளியலறைத் தொட்டியில் படிகிற அந்த வெள்ளைப் பிசுக்கு இதுதான். சித்தப்பா கார்பெட்டிலிருந்து அழுக்கை எடுத்ததாக நினைத்துக்கொண்டு இந்தப் பிசுக்கைத்தான் நார் நாராகப் பூசிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஏறுகிற ஒவ்வொரு காலின் புழுதியையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்குத் தண்ணீரில் உப்பு வேறு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கார்பெட் காயவே காயாது, அடியில் தகரம் துருப்பிடிக்கும். மெக்கானிக்கல் நண்பர்கள் புளோர் பான் வெல்டிங் செய்த வண்டிகளை விசாரித்துப் பாருங்கள், பாதிக் கதை கார்பெட்டிலிருந்துதான் தொடங்கும்.

இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான். பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில சொட்டு, ஒரு மக் நல்ல தண்ணீரில். அது சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். கால்சியத்தோடு இப்படித் திரியாது. கார்பெட்டை நனைக்காமல், துணியை நனைத்து ஒற்றி எடுப்பது. பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு மூன்று தடவை. கதவைத் திறந்துபோட்டு மின்விசிறிக் காற்றில் காயவைப்பது.

ஷெவ்ரெல்லின் வாழ்க்கையில் அடுத்த திருப்பம் 1824ல். பாரீஸில் கொப்லேன் என்ற அரசாங்க நெசவாலை, சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளுக்குப் பேர் போனது. அதன் சாயப் பிரிவுக்கு அவரை இயக்குநராக நியமித்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அரண்மனைகளுக்குக் கம்பளம் நெய்யும் சவோன்ரி ஆலையையும் கொப்லேனோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் கம்பள ஆலைக்கு ஏன் அந்தப் பெயர் தெரியுமா? ஆதியில் அது ஒரு சோப்புத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தொடங்கியது. சவோன் என்றால் பிரெஞ்சில் சோப்பு! சோப்பை ஆராய்ந்தவர் சோப்பின் பெயர் கொண்ட கம்பளத்துக்கே சாயம் போட வந்து சேர்ந்தார்.

என் கருத்தில் அவருடைய வாழ்க்கையில் நமக்கு மிகவும் உபயோகமான பகுதி இதுதான். ஏனென்றால் கறை என்பது வேறொன்றுமில்லை, நாம் கேட்காமல் ஏறிய சாயம்! கம்பளியில் சாயம் நிலைத்து நிற்க என்னென்ன வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, கறை எப்படி நிற்கிறது என்பது தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். சாயத்துக்கு வேண்டியவை: ஈரம், சூடு, நேரம், நிறத்தையும் நாரையும் பிணைக்கிற ஓர் உலோக உப்பு. கறை வேண்டாமென்றால் இந்த நாலையும் மறுத்துவிட வேண்டும். டீ கொட்டியதும் அந்த நிமிடமே உலர்ந்த துணியால் ஒற்றினால் ஈரமும் நேரமும் போச்சு. வண்டியை வெயிலில் நிறுத்தாமல் இருந்தால் சூடு போச்சு. மூடிய கார் வெயிலில் ஐம்பது, அறுபது டிகிரிக்குப் போகும். சாயத்தொட்டிக்கு அடுப்பு மூட்டின மாதிரிதான். சுடுதண்ணீரில் துடைப்பதும் அதே தப்பு. ரத்தம், பால், முட்டையென்றால் கேட்கவே வேண்டாம், புரதம் வெந்து நாரோடு ஒட்டிக்கொள்ளும்.

உலோக உப்பு எங்கே வந்தது என்கிறீர்களா? கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் பாட்டனார்கள் கறுப்பு மை காய்ச்சினார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. ஐரோப்பாவில் கறுப்புச் சாயம் போட்டதும் ஏறக்குறைய இதே வழியில்தான். டீயிலும் பாக்கிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. சீட்டுக்கு அடியில் நகரும் தண்டவாளம் துருப்பிடித்திருக்க, அதன்மேல் டீ வழிந்து கார்பெட்டில் இறங்கினால் ஏறுவது டீக்கறை அல்ல, அசல் கடுக்காய் மை! சித்தப்பா வண்டியில் அப்படி ஒரு கறை இன்னும் இருக்கிறது. அது போகாது. தண்டவாளத்தில் துருவை உரசிவிட்டு கிரீஸ் தடவியது அதற்கப்புறம்தான்.

சாம்பார் மஞ்சள் இன்னொரு வேடிக்கை. சோப்புப் போட்டதும் ரத்தமாய்ச் சிவந்துவிடும், டிரைவர் பதறிப்போவார். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். சோப்பை அலசி எடுத்தால் திரும்ப மஞ்சளாகும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். சாயங்கள் வெளுப்பதற்கு ஒளி மட்டுமல்ல, காற்றும் ஈரமும் கூடத் துணை போகின்றன என்று சோதித்துக் காட்டியவர்களில் ஷெவ்ரெல் முன்னோடி. மற்றக் கறைக்கு வெயில் எதிரி, மஞ்சளுக்கு மட்டும் வண்ணான்.

கொப்லேனில் அவருக்கு ஒரு புகார் வந்தது. நீலத் துணி மடிப்புகளுக்கு நிழலாக நெய்கிற கறுப்பு நூல் எடுப்பாக இல்லை, சாயம் மட்டம் என்று நெசவாளர்கள் குறை சொன்னார்கள். சாயம் போட்ட தொழிலாளியைத் திட்டிவிட்டு மூடியிருக்கலாம். அவர் லண்டன், வியன்னா கறுப்பு நூல்களை வரவழைத்துத் தங்களுடையதோடு ஒப்பிட்டார். தங்களுடையது ஒன்றும் குறைவில்லை. அப்புறம்தான் புரிந்தது: கோளாறு தொட்டியில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது. ஒரு நிறம் அடுத்திருக்கும் நிறத்தைக் கண்ணுக்கு மாற்றிக் காட்டுகிறது. வெள்ளைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம் கறுத்துத் தெரியும், கறுப்புக்குப் பக்கத்தில் அதே சாம்பல் வெளுத்துத் தெரியும். 1839ல் இதைப் பெரிய நூலாக வெளியிட்டார். ஓவியர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நிறங்களை வரிசைப்படுத்த 72 நிறங்கள் கொண்ட சக்கரம் ஒன்றையும் அமைத்தார்.

இதைப் படித்த மாதத்தில்தான் எங்கள் வீட்டில் ஒரு சம்பவம். முதலாளி சாம்பல் நிற சீட்டுகளுக்கு நடுவில் புத்தம்புது வெள்ளை டர்க்கி டவல் விரித்துவிட்டார், பழைய அம்பாசடர் அதிகாரி வண்டி மாதிரி. விரித்தது நல்ல காரியம். தலையெண்ணெய், வியர்வை எல்லாவற்றையும் டவல் வாங்கிக்கொள்ளும், கழற்றித் துவைக்கலாம். ஆனால் மாதக் கடைசியில் பார்த்தவர் டவலைச் சுற்றியுள்ள துணி கறுத்துக் கிடக்கிறது, அழுக்குப் பண்ணிவிட்டாய் என்று சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு டிராயிங் ஷீட்டில் இரண்டு ஓட்டை போட்டு எடுத்துப் போனேன். டவலை நீக்கி, ஒரு ஓட்டை அதன் அடியில் மூடியிருந்த துணிமேல், இன்னொன்று கறுத்ததாகச் சொன்ன ஓரத்தின்மேல். இரண்டும் ஒரே சாம்பல். முதலாளி தாளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மாதம் பிடித்தம் இல்லை. முந்தைய மாதங்களில் பிடித்ததைத் திருப்பித் தரவும் இல்லை.

ஷெவ்ரெல் காலத்தில் கம்பளம் என்றால் கம்பளிதான். ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே கொழுப்புப் பிசுக்கு உண்டு. அவர் அதையும் விடாமல் ஆராய்ந்தார். சாயக்காரர் முதலில் அதைக் கழுவித் தள்ளுகிறார், இல்லையென்றால் சாயம் ஏறாது. அப்படியென்றால் கறை வேண்டாதவனுக்கு அந்தப் பிசுக்குதானே பாதுகாப்பு! இன்று விற்கிற கறைத்தடுப்பு ஸ்பிரேயின் தத்துவமும் இதன் வழிதான். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், எண்ணெய்க்கு சுமார் 30. துணியின் பரப்பு ஆற்றல் அதைவிடக் கீழே போனால் எண்ணெய்கூட முத்தாக நின்றுவிடும். அமெரிக்காவில் 3எம் நிறுவனத்தில் பாட்ஸி ஷெர்மன் என்ற பெண் வேதியியலாளரும் சாமுவேல் ஸ்மித்தும், ஷூவில் தற்செயலாகச் சிந்திய ஃபுளோரின் கலவையிலிருந்து இதைப் பிடித்தார்கள். 1956ல் ஸ்காட்ச்கார்டு விற்பனைக்கு வந்தது. ஆனால் அதன் மூலப்பொருள் மண்ணிலும் ரத்தத்திலும் அழியாமல் தங்குகிறது என்று தெரிந்து, 2000ல் அந்த நிறுவனமே அதைக் கைவிடுவதாக அறிவித்தது. 2009ல் அந்த வேதிப்பொருள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. அதன்பின் வந்த மாற்றுகளிலும் ஃபுளோரின் குடும்பத்தவை உண்டு, கேள்விகளும் உண்டு. எனக்குக் கேட்டால் டவலும் ரப்பர் மேட்டும் போதும்.

மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பல கார்களில் கார்பெட் பாலிபுரோப்பிலீன் நார். அதில் சாயம் ஏறுவது கஷ்டம், ஆகவே டீயும் அவ்வளவாக ஏறாது. ஆனால் எண்ணெயை அது பாசத்தோடு உறிஞ்சும். கடலில் எண்ணெய் கசிந்தால் ஒற்றி எடுக்கிற திண்டுகளை அதே பிளாஸ்டிக்கில்தான் செய்கிறார்கள்! நெரவி பூட்ஸுக்கு அடியில் அதை வெறுமனே விரிப்பது திண்டை விரித்த மாதிரி. விளிம்பு உயர்ந்த ரப்பர் மேட்டை மேலே போட வேண்டும். மேட்டையும் மீறி எண்ணெய் இறங்கினால், தேய்க்காமல், முகப் பவுடரைத் தூவி ஊறவிட்டு வழித்தெடுத்து, அப்புறம் டிடர்ஜென்ட் துணி. பெட்ரோலால் துடைக்கிற மெக்கானிக் அண்ணன்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். மூடிய காரில் அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும்.

ஷெவ்ரெல்லுக்கு வருவோம். தங்கள் பெயரையே மின்னோட்ட அலகுக்குக் கொடுத்த ஆம்பியர் குடும்பத்து மேதைக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று 1833ல் அச்சானது. நூலில் தொங்கும் குண்டு தானாக ஆடி ரகசியம் சொல்லும் என்று பலர் நம்பிய காலம். இவர் தன் கையிலேயே சோதித்தார். கண் திறந்திருந்தால் ஆடுகிறது, கண்ணைக் கட்டினால் நின்றுவிடுகிறது. ஆட்டுவது தன் விரல்தான், தனக்குத் தெரியாமல்! மற்றவர்களைச் சோதிப்பதற்கு முன் தன்னைச் சோதித்துக்கொண்டவர்.

கே-லுசாக்கோடு சேர்ந்து ஸ்டியரிக் மெழுகுவர்த்திக்கு 1825ல் காப்புரிமை வாங்கினார். வியாபாரம் ஓடவில்லை, பின்னால் வந்தவர்கள் சம்பாதித்தார்கள். 1871ல் பிரஷ்யப் படை பாரீஸை முற்றுகையிட்டு, அவர் இயக்குநராக இருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின்மேல் குண்டு விழுந்தபோது, எண்பத்து நாலு வயதில் அங்கேயே இருந்து கண்டனம் எழுதினார். ஒயினுக்குப் பேர்போன வட்டாரத்தில் பிறந்தும் ஒயின் அவருக்குப் பிடிக்காது. தன்னைப் பிரான்சின் மாணவர்களிலேயே மூத்தவன் என்று சொல்லிக்கொள்வார். பேராசிரியர், அகாடமி உறுப்பினர் எல்லாம் ஆன பிறகும் மாணவன் என்ற பட்டத்தைத்தான் விரும்பினார். நம்ம யூனியனில் சேர்த்துக்கொள்ளலாம்!

1886ல் நூறு வயது. பாரீஸ் விழாக் கொண்டாடியது. நாடார் என்ற புகைப்படக் கலைஞரும் மகனும் அவரோடு பேசிக்கொண்டே எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்தன. படங்களோடு வெளியான முதல் பேட்டி என்று அதைச் சொல்வார்கள். (நாடார் பிரெஞ்சுக்காரர்தான், நம்ம பக்கத்தவர் இல்லை!) அதே 1886 ஜனவரியில்தான் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டார். ஆக, கார் பிறந்தபோது ஷெவ்ரெல் உயிரோடு இருந்தார்.

1889 ஏப்ரல் 9 அன்று, நூற்றிரண்டாவது வயதில் காலமானார். ஒன்பது நாளுக்கு முன்புதான் ஈஃபெல் கோபுரம் திறக்கப்பட்டிருந்தது. அதன் முதல் தளத்துக்குக் கீழே பிரான்சின் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் 72 பேரின் பெயர்கள் உண்டு. அவருடைய நிறச் சக்கரத்திலும் 72தானே! அந்தப் பெயர்களில் ஒன்று ஷெவ்ரெல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது அத்தனை பெயரையும் சேர்த்து மறைத்துவிட்டார்கள். 1986-87ல் சுரண்டி எடுத்து மறுபடியும் எழுதினார்கள்.